வாய்மையா, வாய்த்திறமையா?



வல்லத்தில் பட்டிமன்றம் என்றதும் என் வீட்டம்மா, "தஞ்சாவூர் வல்லமா?" என்று கேட்டார்கள். "இல்லம்மா, திண்டிவனம் பக்கத்து வல்லம்" என்றேன். ஊர்ப்பெயரையே பாதி சொன்னால் மனுஷன் வேறு பஸ்ஸிலே ஏறிவிடுவான்! (சிரிப்பு)

"கட்சி மேடையில் வெல்வது வாய்மையா, வாய்த்திறமையா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வள்ளுவரையே சாட்சிக்குக் கூப்பிட்டார். நன்மை தருமானால் பொய்யும் வாய்மைதான் என்று வள்ளுவர் சொன்னாராம். ஐயா, 'குற்றமற்ற நன்மை' என்று வள்ளுவர் ஒரு நிபந்தனை போட்டாரே, அது எங்கே? சோடாவோடு சேர்த்து விழுங்கிவிட்டீர்களா? (கைதட்டல்)

முழுப் பொய்யைப் பிடிப்பது சுலபம். பிடிபடாமல் போவது பாதி உண்மைதான்.

1967-ஆம் ஆண்டுத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டிலே அரிசித் தட்டுப்பாடு. தி.மு.க.வின் முழக்கம் என்ன? ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். இதிலே இரண்டு பாதி இருக்கிறது. பேச்சாளருக்கு எந்தப் பாதி இனிக்கும்? 'மூன்று படி' என்பது ஒலிபெருக்கிக்கு. 'ஒரு படி நிச்சயம்' என்பது உதட்டுக்கு!

ஆட்சிக்கு வந்த அண்ணா, அதே ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படித் திட்டத்தைத் தொடங்கினார். நிதிச்சுமை தாங்காது, மாநிலம் முழுக்கக் கொண்டுபோக முடியவில்லை. நம்ம வல்லத்துக்கு அந்தப் படி வரவில்லை. உடனே எதிர்க்கட்சி மேடையிலே, "மூன்று படி எங்கே?" என்று கேட்டார்கள். 'லட்சியம்' என்ற சொல்லை இவர்கள் விழுங்கிவிட்டார்கள். அந்த மேடை ஒரு பாதியை விழுங்கியது, இந்த மேடை மறு பாதியை விழுங்கியது. பசித்த மக்களுக்கு விழுங்க என்ன கிடைத்தது?

நடுவர் அவர்களே, இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மேடையில் நானும் இந்த மூன்று படியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன்தான். ஒரு படியைச் சொல்லவே இல்லை. தெரியாமல் இல்லை, சொன்னால் சிரிப்பு கெட்டுப்போகும். கூட்டம் முடிந்து இறங்கும்போது வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரே, அந்த ஒரு படியையும் சொல்லியிருக்கலாமே? நீங்க சொன்னா புள்ளைங்க நம்புமே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். நம்பிச் சொன்னார். அந்தச் சொல் இன்றைக்கும் உறுத்துகிறது.

இந்த மண்ணின் கதையே ஒன்று உண்டு. திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரர், விவசாயி, ஓ.பி. ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்றைக்கு முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். நாடு விடுதலை பெற்றபோது நம் மாகாணத்தை ஆண்டவர் அவர்தான். சிபாரிசுக்கு வளையாதவர். சொந்தக் கட்சிக்காரர் வந்து நின்றாலும் வளையமாட்டார். விடுவார்களா? 'தாடி இல்லாத ராமசாமி' என்று காங்கிரசுக்குள்ளேயே பெயர் வைத்தார்கள். தாடி வைத்த ராமசாமி யாரென்று உங்களுக்குத் தெரியும், ஈரோட்டுப் பெரியார்.

இதிலும் பாதி உண்மை இருக்கிறது பாருங்கள். இரண்டு பேரும் ராமசாமி, உண்மை. 1947-இல் இவர் அரசு வகுப்புவாரி ஆணையைத் திருத்தி, 14 இடங்களில் 2 இடத்தைப் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியே ஒதுக்கியது; அதுவும் உண்மை. ஆனால் மனிதர் காந்திய வழியில் நின்றவர், வள்ளலாரைப் போற்றிய பக்தர். அந்தப் பாதியை மட்டும் யாரும் சொல்லவில்லை.

எதிரணி நண்பர்கள் சிரிக்கிறார்கள். "அவர் என்ன ஆனார், அதையும் சொல்லும்" என்கிறார்கள். சொல்கிறேன். என் கட்சிக்கு இடிக்கிற உண்மைதான். 1949-இல் சொந்தக் கட்சியே அவரை இறக்கியது. அவர் வடலூருக்குப் போய் வள்ளலார் வழியில் தொண்டு செய்தார். 1970-இல் மறைந்தார். ஆமாம் ஐயா, அன்றைக்கு வாய்மை தோற்றது. அதை மறைத்துவிட்டு நான் வாய்மைக்கு வாதாடினால் எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் ஒன்று. சென்னையில் அரசினர் தோட்டத்துக்கு இன்றைக்கு ஓமந்தூரார் பெயர். அந்தப் பட்டப்பெயரைக் கட்டியவர் யார் என்று இந்தக் கூட்டத்தில் ஒருவர் சொல்லட்டும், பார்ப்போம்!

தாய்மார்களே, பட்டிமன்றத்துக்கு நடுவர் உண்டு. கட்சி மேடைக்கு நடுவர் கிடையாது, நீங்கள்தான் நடுவர். இப்போது பேச்சை அரை நிமிடமாக நறுக்கிக் கைப்பேசியில் அனுப்புகிறார்கள். பாதியை விழுங்குவது இன்னும் சுலபமாகிவிட்டது. அதனால் ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, உங்க கட்சிக்கு இடிக்கிற உண்மை ஒண்ணு சொல்லுங்க." சொன்னால் உட்கார வைத்து மோர் கொடுங்கள். சொல்லாவிட்டாலும் மோர் கொடுங்கள்; ஓட்டை மட்டும் யோசித்துக் கொடுங்கள்! (கைதட்டல்)

அந்த ஒரு படியை இன்றைக்கு இந்த மேடையில் சொல்லிவிட்டேன் என்ற நிறைவோடு விடைபெறுகிறேன்.