கூடத்தை விட்டு அகன்ற நாற்காலி

கிறிஸ்து பிறப்பு விழாவின் பழைய விருந்தோம்பல் இங்கிலாந்தில் ஏன் மறைந்தது என்று வினவினால், பலரும் பியூரிட்டன்களையே சுட்டுவர். அவர்கள் செல்வாக்குப் பெற்றிருந்த பாராளுமன்றம் 1647-இல் அவ்விழாவை ஒழித்துச் சட்டம் இயற்றியது உண்மையே. அவ்வாண்டு டிசம்பரில் கான்டர்பரி நகர மக்கள் கிளர்ந்தெழுந்ததும் உண்மையே. ஆயினும் தடை வருமுன்னரே விருந்து மெலிந்துவிட்டிருந்தது.

அந்நாட்டு நிலக்கிழாரின் மாளிகைக்கு இதயமாய் விளங்கியது பெருங்கூடம். அதன் தலைப்பக்கத்து மேடையில் வீட்டுத் தலைவர் அமர்வார். கீழே நீண்ட பலகைகளில் பணியாளரும், விழாக்காலத்தில் குத்தகைக் குடிகளும் அமர்வர். டிசம்பர் 25 தொடங்கிப் பன்னிரு நாள்கள் விருந்து நிகழும். எஞ்சிய உணவு வாயிலில் காத்திருக்கும் ஏழையரைச் சேரும். அப்பந்தியில் சமத்துவம் இல்லை. தலைவரின் பெருமையைப் பறைசாற்றும் நோக்கமும் அதில் உண்டு. எனினும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர்.

காலப்போக்கில் தலைவரின் நாற்காலி தனியறைக்குச் சென்றது. பதினான்காம் நூற்றாண்டிலேயே கவிஞர் லாங்லண்டு இதைக் குறைகூறினார். பதினாறாம் நூற்றாண்டில் உணவுப் பொருள்களின் விலை பன்மடங்கு ஏறியது. பெரிய பரிவாரத்தைப் பேணுவது சுமையாயிற்று. அரசவையும் நீதிமன்றங்களும் கடைவீதிகளும் செல்வரை இலண்டனுக்கு ஈர்த்தன. 1536 முதல் 1540 வரை துறவு மடங்கள் கலைக்கப்பட்டபோது, வழிப்போக்கருக்குத் திறந்திருந்த கதவுகள் பல மூடப்பட்டன.

விருந்தோம்பலை ஆணையால் மீட்க அரசர் முயன்றனர். செல்வர் தத்தம் ஊர் திரும்பி விருந்தோம்ப வேண்டுமென முதலாம் ஜேம்ஸ் 1622-இலும் பிற ஆண்டுகளிலும் பிரகடனம் செய்தார். அவர் மகன் சார்லசின் ஆட்சியில், 1632-இல், இலண்டனிலேயே தங்கிவிட்ட சசெக்ஸ் நிலக்கிழார் பாமருக்கு 1,000 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. செல்வரை ஊருக்கு விரட்ட அரசாணையால் இயன்றிருக்கலாம். அவர் உள்ளத்தில் விருந்தினருக்கு இடம் உண்டாக்க அதனால் இயலவில்லை.

இதற்கிடையே 1598, 1601 ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஏழையரைக் காக்கும் கடமையைப் பங்குகளிடம் ஒப்படைத்து, அதற்கென வரியும் விதித்தன. இது பெரும் நன்மையே. செல்வரின் மனநிலையை மட்டும் நம்பிக் கிடந்த வயிற்றுக்குச் சட்டத்தின் துணை கிடைத்தது. ஆனால் வரி செலுத்தியவர் ஏழையின் முகத்தைக் காணத் தேவையின்றிப் போயிற்று.

1660-இல் முடியாட்சி மீண்டது, விழாவும் மீண்டது. பெருங்கூடமோ வீட்டின் நுழைவிடமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

ஈகை குறைந்ததால் மட்டும் விருந்தோம்பல் மறைவதில்லை. கொடுப்பவர் எழுந்து உள்ளறைக்குச் சென்றாலும் அது மறைகிறது. நம் விழா நாள்களில் நாம் ஏழையருக்கு எவ்வளவு அனுப்புகிறோம் என்பதோடு, யாரோடு அமர்ந்து உண்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்ப்போமா?