துவர்ப்பு கட்டிய சிவப்பு

இலங்கைக் கிழக்குக் கரையின் திருக்கோவில் பக்கத்துப் பரியாரிமாரின் மருந்துப் பெட்டியில் கடுக்காயும் படிகாரமும் இல்லாமல் இராது. இரண்டும் துவர்ப்பு. வாய்ப்புண்ணுக்கு அது, சவரக் காயத்துக்கு இது. மூன்றாவதாக இம்பூறல் என்றொரு பூண்டு. இருமலோடு இரத்தம் வந்தால் சித்த வைத்தியம் அதைத்தான் தேடும். இரத்தம் கக்கிச் செத்தவனைப் பற்றி, இம்பூறலை அறியாமல் போனானே என்று இரங்கும் வழக்கம் தமிழில் உண்டு.

இதே மூன்றும் சாயக்காரர் கைக்குப் போனால், ஐரோப்பிய அரசுகள் சட்டம் போட்டுத் தடுத்த சிவப்புச் சீலை பிறக்கும்.

இம்பூறலின் மறுபெயர் சாயவேர். வறண்ட கரையோர மணலில் தரையோடு தரையாகக் கிடக்கும் செடி. பூ வெள்ளை, மிகச் சிறியது. நிறமெல்லாம் மண்ணுக்குள்ளே, நூல்போல ஓடும் வேரின் பட்டையில் ஒளிந்திருக்கிறது. பயிரிட்ட வேரைவிடத் தானாக முளைத்த வேரையே சாயக்காரர் விரும்பினார்கள். சிப்பித்தூள் கலந்த மணலில் விளைந்தது அதிலும் மேல். சுண்ணாம்புச் சத்து சேர்ந்தால்தான் இந்தச் சிவப்பு துலங்கும்.

கடுக்காய் காட்டுக்குரியது. நம் கரைக்கு மேற்கே, கல்லோயாவை ஒட்டிய நீல்கலக் காட்டில் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் ஒன்றாக நிற்கின்றன. திரிபலா முழுவதும் மரமாக நிற்கும் இடம் அது. வைத்தியம் அறிந்த மன்னன் புத்ததாசனின் மூலிகைத் தோட்டம் என்று மரபு சொல்கிறது.

சோழமண்டலக் கரையின் சித்திரத் துணியில் கடலோர வேரும் காட்டுக் காயும் சந்தித்தன. வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய் அரைத்துக் கலந்த எருமைப்பாலில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு பரவாமல் தடுக்கும். பிறகு மூங்கில் எழுதுகோலால் படிகார நீரைத் தொட்டுப் பூ வரைவார்கள். நிலைக்கும் சிவப்பு அந்த நேரத்தில் துணியில் இராது. சாயவேர் கொதிக்கும் பானையில் துணியை இட்டதும் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். மற்ற இடத்தில் ஒட்டியது அலசலிலும் வெயிலிலும் போய்விடும். பரியாரி இரத்தத்தைக் கட்ட எடுத்த துவர்ப்பைக் கொண்டே சாயக்காரர் நிறத்தைக் கட்டினார். இரண்டு அறிவும் ஒரே வீட்டுத் திண்ணையில் வளர்ந்தவை என்றே நான் நம்புகிறேன்.

வேரின் பயணத்தில் வலியும் உண்டு. யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் 1658இல் பிடித்த ஒல்லாந்தக் கம்பனி, சாயவேரைத் தன் உடைமையாக்கியது. மணலைக் குத்தி வேர் எடுப்பதே சிலருக்குக் குலத்தொழிலாக விதிக்கப்பட்டது. வேர்க்குத்திகள் என்பது அவர்கள் பெயர். வெயிலில் குனிந்து அவர்கள் எடுத்த வேரின் நிறத்தில்தான் ஐரோப்பியச் சீமாட்டிகளின் மேலங்கிகளில் பூக்கள் மலர்ந்தன. அந்தப் பூக்களைப் பேசும் புத்தகங்கள் இந்தக் கைகளைப் போதுமான அளவு பேசவில்லை.

துணி கப்பலேறியது. ஐரோப்பிய நெசவாளர் கொதித்தார்கள். 1686இல் பிரான்சும் 1701இல் இங்கிலாந்தும் தடை போட்டன. சோழமண்டலக் கரையில் இருந்த பிரஞ்சு இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ, தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரரிடம் கேட்டறிந்து, செய்முறையை 1742இல் பாரிசுக்குக் கடிதமாக எழுதினார். விசுவாசத்தோடு கூடிய பேச்சில் தொழில் இரகசியமும் சேர்ந்தே கரைதாண்டிப் போனது.

வேரின் சிவப்புக்கு உயிரான பொருள் அலிசரின். 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற இரு ஜெர்மானியர் அதை நிலக்கரித் தாரிலிருந்து செய்து காட்டினார்கள். பத்து, இருபது ஆண்டுகளுக்குள் வேருக்கு விலை இல்லாமல் போயிற்று.

நம் கரையில், கல்முனையை அடுத்த மருதமுனையில் இன்றும் தறி ஓடுகிறது. 2004 ஆழிப்பேரலை அடித்த பிறகும் நெசவாளர் சாரத்துக்கும் சீலைக்கும் மீண்டும் பாவு பூட்டினார்கள். நூல் தோய்வது பொட்டலத்தில் வரும் சாயத்தூளில்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சோழமண்டலத் துணிகள் இருக்கின்றன. இருநூறு, முந்நூறு வருடமாகியும் பூக்களில் சிவப்பு இருக்கிறது. இலங்கைக் கரையோர மணலிலோ அந்த வேர் இப்போது யாரும் குத்தாமல், விரும்பிய ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது.