நம்பகமா, கௌரவமா? - ஹோண்டா என்எஸ்எக்ஸ் சொல்லும் பாடம்

விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அடிக்கடி மக்கர் செய்யும், அதைப் பொறுத்துக்கொள்வதும் ஒரு கௌரவம்தான். 1980களில் இத்தாலியக் கார் வைத்திருந்த பலர் இப்படித்தான் நினைத்தார்கள். 1989-ல் வந்த ஃபெராரி 348-ல் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமானால் முழு இன்ஜினையும் வெளியே இறக்க வேண்டும்! செலவு எவ்வளவு ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

அதே 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் ஹோண்டா தன் என்எஸ்எக்ஸ் காரின் மாதிரியைக் காட்டியது. ஃபெராரிக்கு ஈடான வேகம், ஆனால் தினமும் அலுவலகத்துக்கு ஓட்டிப்போகும் அளவுக்கு நம்பகம். இதுதான் குறிக்கோள். உடல் முழுவதும் அலுமினியம். ஓட்டுநருக்குப் பின்னால் 3 லிட்டர் வி6 இன்ஜின். சுசூகாவில் ஓட்டிப் பார்த்த அயர்டன் சென்னா, உடலின் உறுதி போதாது என்றார். பொறியாளர்கள் அதைக் கூட்டினார்கள். 1990-ல் ஃபெராரியை விடக் குறைந்த விலையில் விற்பனைக்கு வந்தது.

பிறகு என்ன, வாங்கக் கூட்டம் அலைமோதியதா? இல்லை. 2005 வரை 15 வருடங்களில் விற்றது சுமார் 18,000 கார்கள்தான். குறை காரில் இல்லை, பெயரில் இருந்தது. சிவிக் காரில் இருக்கும் அதே ஹோண்டா பெயருக்குப் பெரும் பணம் கொடுக்கப் பலருக்கு மனம் வரவில்லை.

ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் கவனித்தார்கள். மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் மர்ரே, ஓட்டும் சுகத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது என்எஸ்எக்ஸைத்தான். ஃபெராரியும் 1999-ல் வந்த 360 மாடலில், இன்ஜினை இறக்காமலே பெல்ட் மாற்ற வழி செய்தது.

கௌரவம் விற்பனையில் ஜெயித்தது. நம்பகமோ, போட்டியாளர்களின் தொழிற்சாலைக்குள்ளேயே புகுந்து ஜெயித்தது!