ஆர்க்-மோட் குறுக்குவிசைகள்

ஆர்க்-மோட் என்பது ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியினுள் இயங்கும் குறிப்பெடுக்கும் மென்பொருள் ஆகும். இதனை வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003 இல் உருவாக்கினார். இதன் பணிகள் பெரும்பாலும் குறுக்குவிசைகளாலேயே செய்யப்படுகின்றன.

ஈமாக்ஸ் மரபின்படி, கன்ட்ரோல்-சி விசைகளை அடுத்து அழுத்தப்படும் தனி எழுத்துகளும், எஃப்5 முதல் எஃப்9 வரையான விசைகளும் பயனருக்கென ஒதுக்கப்பட்டவை. புதிய குறுக்குவிசைகளை இவற்றில் அமைப்பதே நன்று. பிற விசைகளில் அமைத்தால் மென்பொருளின் சொந்தக் கட்டளைகள் மறைந்துபோகக்கூடும். நிகழ்நிரலைத் திறக்க ஏ, புதுக் குறிப்பைப் பதிய சி, இணைப்பைச் சேமிக்க எல் ஆகிய எழுத்துகளைக் கையேடு பரிந்துரைக்கின்றது.

கன்ட்ரோல் விசையை அடிக்கடி அழுத்துவதால் சுண்டுவிரலில் ஏற்படும் வலியை "ஈமாக்ஸ் சுண்டுவிரல்" என வேடிக்கையாகக் கூறுவர். எனினும் நாள்முழுதும் தட்டச்சிடுவோர் இதனைப் பொருட்படுத்தாமல் விடுதல் கூடாது. லிஸ்ப் கணினிகளுக்கான ஸ்பேஸ்-கேடட் விசைப்பலகையில் கன்ட்ரோல் விசை இடைவெளிப் பட்டையை அடுத்தே இருந்தது. இன்றைய விசைப்பலகைகளில் அது மூலைக்குச் சென்றுவிட்டதால், கேப்ஸ் லாக் விசையைக் கன்ட்ரோலாக மாற்றிக்கொள்வோர் பலர்.

விரைவுக் கட்டளைகள் என்னும் வசதி இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். அதனை இயக்கினால், சுட்டி தலைப்பு வரியின் தொடக்கத்தில் உள்ளபோது என், பி ஆகிய எழுத்துகளால் அடுத்த, முந்தைய தலைப்புகளுக்குச் செல்லலாம். டி எழுத்தால் பணியின் நிலையை மாற்றலாம். இவற்றுக்குக் கன்ட்ரோல் விசை தேவையில்லை.