போர்க்காலத்தில் இட்ட கையெழுத்து

போர் மூண்டால் ஒப்பந்தங்கள் தாமாகவே அற்றுப்போகும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. சட்டம் அதற்கு எளிதில் இசைவதில்லை. இந்தக் கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றம் அடிப்படை விடை தந்த வழக்கு, ஒரு வீட்டுமனையையும் 101 ரூபாய் முன்பணத்தையும் பற்றியது.

கல்கத்தாவின் டாக்குரியா ஏரிப் பகுதியில் முக்னீராம் பாங்கூர் நிறுவனம் பெரும் நிலப்பரப்பொன்றை மனைகளாகப் பிரித்து விற்றுவந்தது. சாலையும் வடிகாலும் அமைத்துத் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. அவை முடிந்தபின் மீதித் தொகையைச் செலுத்திக் கிரயப் பத்திரம் பெறுவது வாங்குபவரின் பொறுப்பு. 1940 ஆகஸ்டில் ஒருவர் முன்பணம் கட்டி ஒப்பந்தம் செய்தார். மறு ஆண்டு அவ்வுரிமையைச் சத்யப்ரத கோஷ் என்பவருக்கு மாற்றிக் கொடுத்தார். 1941 நவம்பரில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அந்நிலத்தின் கணிசமான பகுதியை இராணுவத் தேவைக்காக அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது.

1943 நவம்பரில் நிறுவனம் கடிதம் அனுப்பியது. ஒப்பந்தம் ரத்தானதாகக் கொண்டு முன்பணத்தை ஒரு மாதத்திற்குள் திரும்பப் பெறலாம். அல்லது மீதித் தொகையை அதே கெடுவுக்குள் செலுத்திப் பத்திரம் பெறலாம், சாலை போர் முடிந்தபின் சூழலுக்கேற்ப அமைக்கப்படும். இரண்டுக்கும் இசையாவிடில் முன்பணமும் பறிபோகும். கோஷ் 1946இல் வழக்குத் தொடுத்தார். கீழமை நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. கல்கத்தா உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் வாதத்தை ஏற்றது.

இவ்வாதத்தின் பின்புலம் நெடியது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் இளவரசர் ரூபர்ட்டின் படையால் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட குத்தகைதாரர்கூடக் குத்தகைப் பணம் செலுத்தியாக வேண்டும் என்று 1647இல் தீர்ப்பாயிற்று. இக்கடுமை பிற்காலத்தில் தளர்ந்தது. அதற்கு நியாயம் தேடிய ஆங்கில நீதிபதிகள், இருதரப்பும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நிபந்தனை ஒப்பந்தத்துள் உறைந்திருப்பதாகக் கற்பித்தனர்.

1953இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதிய நீதிபதி பி.கே. முகர்ஜியா, இக்கற்பனை இந்தியாவுக்குத் தேவையில்லை என்றார். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவே நேரடியாக விதி வகுத்துள்ளது. அதிலுள்ள ‘இயலாத’ என்னும் பொருள்படும் சொல், உடலாலோ பொருளாலோ அறவே செய்யமுடியாமையை மட்டும் குறிப்பதன்று. எதிர்பாராத நிகழ்வொன்று ஒப்பந்தத்தின் அடித்தளத்தையே தகர்த்து, அதன் நோக்கத்தைப் பயனற்றதாக்கினாலும் அது இயலாமையே.

சொல்லின் பொருள் இவ்வாறு விரிந்தபோதிலும் நிறுவனம் தோற்றது. ஒப்பந்தம் எழுதப்பட்ட 1940இலேயே போர் நடந்துகொண்டிருந்தது. கட்டுமானப் பொருள்களுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. வேலை தடைப்படக்கூடும் என்பதை இருதரப்பும் அறிந்தே கையெழுத்திட்டனர். சாலை அமைக்கக் காலக்கெடு எதுவும் குறிக்கப்படவில்லை. அரசு நிலத்தை எடுத்துக்கொண்டதும் தற்காலிகமாகவே. ஆகவே தாமதம் ஒப்பந்தத்தை அழிக்கவில்லை.

1960இல் தீர்ப்பான அலோபி பர்ஷாத் வழக்கும் இவ்வழியிலேயே சென்றது. இராணுவத்திற்கு நெய் கொள்முதல் செய்து தந்த முகவர்கள், போர்க்காலத்தில் செலவு பெருகியதால் ஒப்புக்கொண்டதைவிடக் கூடுதல் தொகை கோரினர். அவர்களுடைய ஒப்பந்தம் 1937இல் செய்யப்பட்டது. ஆயினும் 1942இல், போர் உச்சத்திலிருந்தபோதே, அது திருத்தி எழுதப்பட்டிருந்தது. எதிர்பாராத விலையேற்றம் ஒப்புக்கொண்ட கடமையிலிருந்து எவரையும் விடுவிக்காது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

போரைக் காரணம் காட்டி வாக்கை மீற விரும்புபவர் இரண்டு கேள்விகளுக்கு விடையளித்தாக வேண்டும் என்பதை இத்தீர்ப்புகள் உணர்த்துகின்றன. போர் தகர்த்தது ஒப்பந்தத்தின் அடித்தளத்தையா, அல்லது இலாபத்தை மட்டுமா? கையெழுத்திட்ட நாளில் போர் வாசலில் நின்றதா, இல்லையா? டாக்குரியாவில் வென்றவர் 101 ரூபாய் முன்பணத்தின் உரிமையை வாங்கிய ஒரு தனிமனிதர். இக்கேள்விகள் எழுப்பப்படாதிருந்தால், நிறுவனம் அனுப்பிய அந்த ஒற்றைக் கடிதமே அவருடைய மனைக்கு முடிவுரையாகியிருக்கும்.