கம்பிகளை இணைப்பது எது?

எங்கள் பள்ளியில் புதிய கட்டடம் எழும்பிய காலத்தில், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னை வேலை நடக்கும் இடத்திற்கே அழைத்துச் சென்றான். தூணுக்கென நிறுத்தியிருந்த எஃகுக் கம்பிகள் உயரம் போதாமையால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் வேறொரு கம்பியைச் சேர்த்து வைத்து, மெல்லிய கட்டுக்கம்பியால் இரண்டு மூன்று இடங்களில் முடிந்திருந்தனர். “ஐயா, இந்தச் சிறிய கம்பியா மாடியைத் தாங்கப்போகிறது?” என்றான். விடை தெரியாத ஆசிரியன் படும் பாட்டை அன்று நான் பட்டேன்.

பின்னர் நூல்களை நாடியபோது விடை புலனாயிற்று. கட்டுக்கம்பி எச்சுமையையும் தாங்குவதில்லை. கான்கிரீட் எனப்படும் கற்காரையை ஊற்றும்போது கம்பிகள் விலகாதிருக்கவே அது உதவுகிறது. ஒரு கம்பியிலுள்ள இழுவிசை, சூழ்ந்துள்ள கற்காரைக்குச் சென்று, அதன்வழியே அடுத்த கம்பியை அடைகிறது. இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொடவேண்டும் என்பதுகூட இல்லை. கம்பியின் விட்டத்தைப் போல் முப்பது, நாற்பது மடங்கு நீளத்திற்கு அவை அருகருகே கிடப்பது இதன்பொருட்டே. ஆகவே, கற்காரை கம்பியைப் பற்றும் பற்றே இணைப்பாகும்.

அப்பற்றினை வலுவாக்க முயன்ற வரலாறு நெடியது. 1867இல் பிரான்சு நாட்டுத் தோட்டக்காரர் மோனியே, இரும்புவலையிட்ட பூந்தொட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றார். 1892இல் என்னபீக் காப்புரிமை பெற்ற உத்திரங்களில், வழவழப்பான கம்பியின் முனை மீன்வால் போலப் பிளக்கப்பட்டது. அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் ரான்சம், சதுரக் கம்பியை முறுக்கி 1884இல் காப்புரிமை கொண்டார். முறுக்கினால் இரும்பு கெடும் என்று கலிபோர்னியத் தொழில்நுட்ப அறிஞர் அவையினர் எள்ளி நகையாடினராம்! 1889இல் சான் பிரான்சிஸ்கோ பூங்காவில் அவர் கட்டிய ஆல்வர்டு ஏரிப் பாலமோ 1906இன் பெருநிலநடுக்கத்திலும் வீழவில்லை. கம்பிகளைக் கற்காரையினின்று இழுத்துச் சோதித்த ஏப்ரம்ஸின் ஆய்வு 1913இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளிவந்தது. இன்று நாம் காணும் வரிமேடுடைய கம்பிகள் பின்னரே பரவின.

எனினும், பற்றும் கற்காரையே உடைந்துவிட்டால் என்னாகும்? 1971 பிப்ரவரி 9ஆம் நாள் கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோ நிலநடுக்கம் இதற்கு விடையளித்தது. அங்கு நெடுஞ்சாலைப் பாலத் தூண்களில், நெடுங்கம்பிகளைச் சுற்றிய வளையங்கள் ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டருக்கு ஒன்றாகவே இருந்தன. வளையத்தின் இரு முனைகளும் வெளிப்புறக் கற்காரைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன, அவ்வளவே. அதிர்ச்சியில் வெளித்தோல் உதிர்ந்ததும் முனைகளைப் பற்ற எதுவுமில்லை, வளையங்கள் விரிந்தன, நெடுங்கம்பிகள் பிதுங்கின. சில தூண்களில் கம்பிகள் அடித்தளத்திலிருந்தே உருவிக்கொண்டு வந்தன. அதன்பின் அங்கே வளையங்கள் நெருக்கமாக்கப்பட்டன. தூண் மிகுதியாக வளையும் பகுதியில் கம்பிகளை அருகருகே வைத்து நீட்டுவதும் தவிர்க்கப்பட்டது. தடித்த கம்பிகளை மரையுள்ள குழல்களால் முனையோடு முனை பொருத்தும் முறையும் பெருகியது.

இவற்றையெல்லாம் படித்துத் தெளிந்து அம்மாணவனை அழைத்துக்கொண்டு சென்றபோது, தூணுக்குக் கற்காரை ஊற்றி முடித்திருந்தனர். வகுப்பறைக்குத் திரும்பிக் கரும்பலகையில் வரைந்தே காட்டினேன்.