தத்துவ போதகர் மீதான விசாரணை (1610–1623)

மதுரை மிஷனின் இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலியின் போதனை முறையைத் திருச்சபைத் தலைவர்கள் கேள்விக்கு உட்படுத்திய சமய வழக்கு.  

இத்தாலியரான நொபிலி (1577–1656) 1606இல் மதுரை வந்தார். காவியுடை, புலால் மறுத்த உணவு, சந்தனப் பொட்டு எனத் துறவிக் கோலம் பூண்டு, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார். அவருக்கு முன்பே மதுரையில் பரதவக் கிறிஸ்தவரிடையே பணியாற்றிவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் 1610இல் மேலிடத்துக்கு முறையிட்டார். மதம் மாறியோரின் பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்களா, குல வழக்கங்களா என்பதே வழக்கின் மையம். நொபிலி தம் தரப்பை இலத்தீனில் விரிவாக எழுதினார். தர்ம சாத்திர நூல்களிலிருந்தே சான்று காட்டியது அதன் சிறப்பு.

1619இல் கோவாவில் கூடிய அவையில் பேராயர் கிறிஸ்தோவாவோ தெ சா நொபிலியின் முறையை எதிர்த்தார். கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் ஆதரித்தார். நொபிலியின் உறவினரான கர்தினால் பெல்லார்மின் முதலில் கண்டித்துப் பின்னர் ஆதரவாளரானார். திருத்தந்தை 15ஆம் கிரகோரி 1623 ஜனவரி 31இல் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை மூடநம்பிக்கை நீக்கி ஏற்கலாம் எனத் தீர்ப்பளித்தார். சாதிப் பிரிவினையை நொபிலியின் முறை திருச்சபைக்குள் நிலைக்கச் செய்தது என்ற விமர்சனம் வலுவானது. இவ்வழக்கங்கள் பற்றிய சடங்குச் சர்ச்சை அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது.